பில்லுல காசு எண்ணுறதுக்கு ஃப்ளோட்டா, பைசா இன்டிஜரா, டெசிமலா?

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஹார்டுவேர் கடைக்கு பில்லிங் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாசம் கழிச்சு அண்ணாச்சி போன் போட்டு "தம்பி, ராத்திரி கணக்கு முடிக்கும்போது தெனமும் எட்டு பைசா பத்து பைசா உதைக்குது, யாருப்பா எடுக்குறா"ன்னார். பைசாவை எவன் எடுப்பான், நான்தான் எடுத்திருக்கேன். 19.99 ரூபாயை 100ஆல பெருக்கி பைசாவாக்கி இன்டிஜர்ல, அதாவது புள்ளியே இல்லாத முழு எண்ல, போடுற ஒரு வரி. 1999 வரணும்ல, மெஷின்ல வர்றது 1998.9999999999998, அதை இன்டிஜராக்கினா புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதெல்லாம் வெட்டுப்பட்டு 1998ன்னு நிக்குது.

இதுக்குக் காரணம் ஃப்ளோட், அதாவது புள்ளி வெச்ச எண்ணுக்கு கம்ப்யூட்டர்ல வழக்கமா இருக்கிற வகை, எண்ணை வைக்கிற விதம். இன்னைக்கு எல்லா மெஷின்லயும் இருக்கிற டபுள்ங்கிற ஃப்ளோட், 1985ல வந்த ஐட்ரிபிள்ஈ 754 ஸ்டாண்டர்டுபடி 64 பிட், அதுல 1 பிட் பிளஸ்ஸா மைனஸான்னு சொல்ல, 11 பிட் புள்ளி எங்க நிக்குதுன்னு சொல்ல, மிச்ச 52 பிட்லதான் எண்ணே இருக்கு. புள்ளிக்கு அப்புறம் அதுக்குத் தெரிஞ்சது அரை, கால், அரைக்கால், மாகாணி, அரைவீசம்னு பாதி பாதியா போற பின்னங்கள் மட்டும்தான். 0.1 வேணும்னா மாகாணியும் அரைவீசமும் சேர்த்தா 0.09375, பத்தல, இன்னும் குட்டி குட்டியா சேர்த்துக்கிட்டே போகலாம், சரியா 0.1ல போய் நிக்கவே நிக்காது. நம்ம பழைய கணக்குல பத்துல ஒரு பங்குக்கு 'இருமா'ன்னு தனி பேரே இருந்துச்சு, கம்ப்யூட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. அதனாலதான் 0.1ஐ பத்து தடவை கூட்டினா 0.9999999999999999.

அதுக்காக ஃப்ளோட் மட்டம்னு சொல்லல. கேம், மேப், சென்சார் ரீடிங் இதுக்கெல்லாம் அதை அடிச்சுக்க ஆள் இல்ல, அணு அளவும் நட்சத்திர தூரமும் அதே 8 பைட்ல அடங்கிடும், வேகமும் அப்படி. அங்க பதினாறாவது இலக்கம் தப்பானா கேட்க ஆளில்ல, கல்லாப்பெட்டியில அண்ணாச்சி கேட்பார்.

அடுத்தது பைசா இன்டிஜர். ரூபாயே கிடையாது, 19.99னா உள்ள 1999, ஸ்கிரீன்ல காட்டும்போது மட்டும் புள்ளி வைக்கிறது. கூட்டல் கழித்தல்ல ஒரு பைசா நகராது, வேகத்துலயும் குறை இல்ல. ஆனா 32 பிட் இன்டிஜர்ல வெச்சுடாதீங்க. அதோட உச்சம் 2,14,74,83,647, பைசாவா பாத்தா ரெண்டு கோடியே பதினாலு லட்ச ரூபாய் சொச்சம்தான், ஒரு ஹோல்சேல் கடையோட வருஷ டோட்டல் அதை சாதாரணமா தாண்டும், தாண்டினா நிறைய லாங்குவேஜ்ல எர்ரர்கூட வராம மைனஸ்ல போய் உக்காரும். 64 பிட் போட்டுட்டா நம்ம ஆயுசுக்கும் கவலை இல்ல. ஜாவாஸ்கிரிப்ட்ல சாதாரண நம்பரே டபுள்தான், ஆனாலும் முழு எண்ணா வெச்சா 9,00,71,99,25,47,40,992 வரைக்கும் பிசகாது, பைசா கணக்குல அது 90 லட்சம் கோடி ரூபாய், தாராளம்.

இன்டிஜர் தடுமாறுற இடம் வேற. குவைத் தினாருக்கு 1000 ஃபில்ஸ், ஜப்பான் யென்னுக்கு சில்லறையே இல்ல, ஆக எல்லாத்துக்கும் நூறுன்னு எழுதி வெச்சா மாட்டுவீங்க. நகைக்கடைன்னா எடையை மில்லிகிராம்ல வைக்கணும், டேபிள்ல எந்தக் கட்டத்துல எத்தனை சைபர்னு நாமளே ஞாபகம் வெச்சுக்கணும்.

அந்தத் தலைவலி டெசிமல்ல இல்ல. நாம பேப்பர்ல எழுதுற மாதிரியே பத்து பத்தா இலக்கத்தை வைக்கும். ஐபிஎம் மெயின்ஃபிரேம்ல கோபால் (COBOL) லாங்குவேஜ்ல எழுதுற ஆளுங்க ரொம்ப காலமா ஒரு பைட்டுக்கு ரெண்டு இலக்கம்னு இப்படித்தான் அடுக்குறாங்க. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல நியூமெரிக்னு இருக்கிறதும் இந்த ஜாதிதான். வேகம் கம்மி, இடமும் கொஞ்சம் கூட, ஆனா ஒரு கடை பில்லுக்கு அது தெரியவே தெரியாது. ஒரே கண்ணி, பைத்தான்ல டெசிமலுக்குள்ள 0.1ஐ மேற்கோள் குறி இல்லாம கொடுத்தா அது முதல்லயே ஃப்ளோட்டா மாறிட்டுதான் உள்ள போகும், 0.1000000000000000055ன்னு ஆரம்பிச்சு ஒரு ரயிலே வரும்.

நான் இப்போ பண்றது, டேட்டாபேஸ்ல நியூமெரிக், கோடுக்குள்ள 64 பிட் பைசா. ஒண்ணுதான் வேணும்னா பைசா இன்டிஜருக்குத்தான் என் ஓட்டு, ஃப்ளோட்டை காசு பக்கமே விடமாட்டேன்.

ஆனா இது எதை எடுத்தாலும் ரவுண்டிங் சண்டை தீராது. 99.50 ரூபாய் சரக்குக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 17.91. அதையே சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9ன்னு பிரிச்சா ஒவ்வொண்ணும் 8.955, தனித்தனியா ரவுண்ட் பண்ணி 8.96 ஆக்கி கூட்டினா 17.92. அந்த ஒரு பைசா எதுல சேருதுன்னு கோடு எழுதுற நாம முடிவு பண்ணக்கூடாது, கடைக்காரரோட ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு எழுதுங்க, நான் கேக்காம எழுதிட்டு ரெண்டாவது போனும் வாங்குனேன்.