கொக்குவில் சைக்கிள் திருத்தகமும் ஓய்வு வயதும்

யாழ்ப்பாணத்தில் கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியிலிருந்து கொக்குவிலில் உள்ளே இறங்கும் ஒழுங்கையொன்றில், பெயர்ப்பலகை இல்லாத தகரக் கொட்டகையில் இயங்கும் சைக்கிள் திருத்தகத்தில், அப்பாவின் பழைய றலி சைக்கிளை முழுமையாகக் கழற்றிப் பூட்டித் தரும்படி கடந்த மாதம் ஒப்படைத்தேன். மூன்று நாளில் தருவதாகச் சொன்னவர்கள் எட்டாம் நாள்தான் தந்தார்கள். கூலி 3,000 ரூபா. ரயர், ரியூப், பின் சில்லுக்கான கம்பிகள், போல்ஸ் (அச்சுக்குள் உருளும் இரும்புக் குண்டுகள்) எல்லாவற்றுக்கும் தனிக் கணக்கு. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு இந்தக் கடையைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

அங்கே வேலை செய்பவர்கள் இருவர். ஒருவர் எழுபதைத் தாண்டியவர். இப்போதைய முதலாளியின் தகப்பனார் காலத்திலேயே சேர்ந்தவர். மற்றவருக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். பெரியவரை அவர் ‘ஐயா’ என்கிறார். பெரியவர் அவரைத் ‘தம்பி’ என்கிறார்.

பழைய றலிகளின் முன் சில்லுக்கு 32 கம்பிகளும் பின் சில்லுக்கு 40 கம்பிகளும் இருக்கும். என்னுடைய பின் சில்லில் ஏழெட்டுக் கம்பிகள் துருப்பிடித்து அறுந்து, றிம் இரண்டு பக்கமும் நெளிந்திருந்தது. ஒரு பக்கக் கம்பியை இறுக்கினால் றிம் அந்தப் பக்கம் சாயும். அதற்கு எதிர்ப்பக்கத்தை அளவாகத் தளர்த்த வேண்டும். கூடுதலாகத் திருகினால் நெளிவு இன்னோர் இடத்துக்கு நகர்ந்துவிடும். இதைப் பார்த்துக்கொண்டு ஒரு முற்பகல் முழுவதும் வாங்கில் இருந்தேன். பெரியவருக்கு ஒரு கண்ணில் புரை. மற்றதில் சத்திரசிகிச்சை முடிந்தும் பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் இடையிலுள்ள மயிரளவு இடைவெளி தெரிவதில்லை. ஆகவே, இளைஞர் சில்லைச் சுழற்றி இடைவெளியைப் பார்த்துச் சொல்ல, பெரியவர் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டி, ஒலி மந்தமாக இருக்கும் கம்பியைக் காட்டிக்கொடுக்கிறார். “நீ பார், நான் கேக்கிறன்” என்று இடையிடையே சொல்வதைத் தவிர அவர் அதிகம் பேசுவதில்லை. அந்த முற்பகல் முடிந்தபோது சில்லு நேராக ஓடியது.

அந்தக் காது எங்கே பழகியது என்பது ஊரறிந்த கதை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணம் முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. பற்றரி கிடைக்காததால் வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் கோடிப்புறங்களில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களெல்லாம் மீண்டும் வெளியே வந்தபோது, அவற்றைத் திருத்தத் தெரிந்த கைகள் ஊரில் குறைந்துபோயிருந்தன. அந்த நாட்களில் இந்தக் கொட்டகைக்கு வெளியே ஒழுங்கை வரைக்கும் சைக்கிள்கள் நின்றதாக முதலாளி சொன்னார்.

அதே ஆண்டுதான் அரசாங்க உத்தியோகத்தர்களின் ஓய்வு வயது தொடக்கத்தில் 65 ஆக உயர்த்தப்பட்டு, பின்னர் 60 ஆகக் குறைக்கப்பட்டது. அறுபதைக் கடந்திருந்த மற்றவர்களோடு நானும் 2022 டிசம்பர் 31ஆம் திகதி என் எழுதுவினைஞர் மேசையை விட்டெழுந்தேன். வயது போனவர்கள் விலகினால்தான் இளையவர்களுக்கு இடம் வரும் என்று அப்போது பலரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை, ஏனெனில் ஒருவர் ஓய்வு பெற்ற வெற்றிடத்தில்தான் நானும் ஒருகாலத்தில் நுழைந்தேன். ஆனால் புதிய ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டிருந்த அந்தக் காலத்தில் என் கதிரை நெடுநாள் வெறுமையாகவே கிடந்தது. என் கோப்புகளைப் பக்கத்து மேசைப் பிள்ளை தன் வேலையோடு சேர்த்துச் சுமந்தாள்.

எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது. இந்தப் பெரியவருக்கு நாட்கூலி மட்டுமே. தனியார் துறையில் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கிய 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், ஐந்து ஆண்டு வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் தரச் சொல்லும் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடங்களுக்கே உரியவை. ஊழியர் சேமலாப நிதி மட்டும் ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் பொருந்தும். அதை இங்கே கட்டினார்களா என்று முதலாளியிடம் கேட்டபோது அவர் பேச்சைத் தேநீருக்குத் திருப்பினார். பெரியவர் இடம்விட வேண்டுமென்று சொல்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவென்று நினைக்கிறேன்.

பெரியவரை மட்டும் புகழ்வதும் சரியல்ல. சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளும் இளைஞருக்குக் கிடைத்தது காற்றடிப்பதும் ஒட்டுப்போடுவதும்தானாம். சில்லு கட்டும் வேலையைப் பெரியவர் தொடவே விடவில்லை. அவர் மனமிரங்கியது பெருந்தன்மையால் அல்ல, கண்புரையால். அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இளைஞர் கட்டாருக்குப் போகக் கடவுச்சீட்டும் எடுத்துவிட்டார். இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். ஒரே கொட்டகைக்குள் இருந்தும் தொழிலைக் கொடுக்காமல் வைத்திருந்ததுதான் அந்தப் பிள்ளையின் இடத்தை அடைத்தது; கதிரையில் யார் எத்தனை வயதுவரை இருந்தார் என்பது அதற்குப் பிறகு வரும் கணக்கு.

குறையொன்றையும் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே, பெடல் தண்டை அச்சோடு பிடிக்கும் கொட்டர் ஆணி தளர்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் ‘டக்’கென்று சத்தம் கேட்டது. திருப்பிக் கொண்டுபோனேன். நான் எதையும் சொல்வதற்கு முன்னரே சத்தத்தைக் கேட்ட பெரியவர், தான் எழும்பாமல், சுத்தியலை இளைஞரிடம் நீட்டினார். ஆணியை அவசரத்தில் சரியாக அறையாதது தன் பிழையென்று இளைஞர் ஒப்புக்கொண்டு, அராவிச் சரிசெய்த புது ஆணியைப் போட்டுத் தந்தார்; காசு வாங்கவில்லை.

கியர் சைக்கிள்களைப் பெரியவர் தொடுவதில்லை. அவற்றைக் காணொளி பார்த்துப் பழகிய இளைஞர் பிற்பகலில் திருத்துகிறார். அந்த வேலை விரைவாகவும் நடக்கிறது. பழைய சில்லுக் கட்ட வேண்டியவர்கள் காலை ஒன்பது மணிக்கு முன் போவது நல்லது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் பெரியவர் பின்னேரம் வருவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோவிலுக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குத்தான் வருவார்.