சின்னவளின் கரப்பனும் ஒரு போத்தல் அறுகம்புல் எண்ணெயும்

நல்லூர்த் திருவிழாவுக்கென்று இந்த ஆவணியில் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் போயிருந்தோம். சின்னவளுக்கு நாலு வயது. கைக்குழந்தையிலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் எக்ஸிமா என்ற தோல் அழற்சி. நாங்கள் இருக்கும் டொரொண்டோ ஸ்கார்பரோவில் குளிர்காலத்து ஹீட்டர் காற்றில் தோல் வெடிக்கும். ஊரில் வெக்கையும் வியர்வையும். போய் இறங்கிய மூன்றாம் நாளே தலையணை உறையில் இரத்தப் பொட்டுகள். "இது கரப்பன் பிள்ளை, எண்ணெய் பூசினால் போயிடும்" என்றார் மாமி.

முதலில் டவுனில் ஒரு கடைக்குப் போனேன். ஒரு களிம்பு டப்பாவை எடுத்துத் தந்தார்கள். 'மூலிகை' என்பதைத் தவிர லேபலில் ஒன்றுமில்லை. என்ன சேர்த்தது என்று கேட்டால், "எல்லாம் மூலிகைதான் தங்கச்சி, மூண்டு நாளில மாறும்." அந்த மூன்று நாள்தான் எனக்குப் பயம்: அவ்வளவு கெதியாக மாறுமென்றால் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். லண்டனில் தோல் நோய்க்கு விற்கப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்தபோது 8இல் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததாக 1999இல் ஆய்வு வெளிவந்தது. பிள்ளையின் தோலில் என்ன பூசுகிறோம் என்று தெரியாமல் பூச முடியாது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு மாமியே கோப்பாய்ப் பக்கம் ஒரு பரம்பரை வைத்தியர் வீட்டுக்குக் கூட்டிப் போனார். எண்ணெய் காய்ச்சுவது தகப்பன். நோயாளி பார்ப்பது மகள். கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவம் படித்தவர். ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்த சான்றிதழ் சுவரில் தொங்கியது. சின்னவளின் கையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது மடிப்பில் நீர் கசிந்து, தேன் காய்ந்த மாதிரி மஞ்சள் பொருக்கு. "இதுக்கு இப்ப எண்ணெய் வேண்டாம் அக்கா. கிருமி பட்டிருக்கு. முதல்ல ஆஸ்பத்திரியில காட்டுங்கோ, காய்ஞ்ச பிறகு வாங்கோ." எண்ணெய் வாங்க வந்தவளிடம் எண்ணெய் வேண்டாம் என்று சொன்ன அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்து, ஒரு கிழமை கழித்துப் போனோம். அன்று தகப்பன் அடுப்படியில் இருந்தார். அறுகம்புல்லை இடித்துப் பிழிந்த சாறு, அரைத்த அதிமதுரம், தேங்காய் எண்ணெய், வேறொன்றுமில்லை. நெருப்பை ஏற்றாமல் கிண்டிக்கொண்டே இருந்தார். அடியில் தங்கிய கற்கத்தை, அதாவது அரைத்துப் போட்ட மருந்து விழுதை, கொஞ்சம் எடுத்து, விரலால் திரி போல் உருட்டி விளக்கில் பிடித்தார். படபடவென்று வெடித்தது. "தண்ணி நிக்குது" என்று மறுபடி அடுப்பில் வைத்தார். இரண்டாம் முறை சத்தமில்லாமல் எரிந்தது. அப்புறம்தான் இறக்கி வடித்தார். தண்ணீர் நின்றால் எண்ணெய் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப் போகுமாம்.

பார்த்ததற்கு மகள் காசு வாங்கவில்லை. 100 மில்லி போத்தலுக்கு 900 ரூபாய். முதலில் மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு துளி பூசி இரண்டு நாள் பார்க்கச் சொன்னார். குளிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஈரம் ஒற்றிய உடனே மெல்லியதாகப் பூச வேண்டும், தேய்க்கக் கூடாது. சவர்க்காரத்தையும் குறைக்கச் சொன்னார். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, கழுவினாலும் தோலில் ஒட்டி நிற்கும். டொரொண்டோ டொக்டர் தந்த களிம்பை நிறுத்த வேண்டாம் என்றும் இரண்டு தரம் சொன்னார்.

திரும்பி வந்து இரண்டு மாதம். வறட்சி நன்றாகக் குறைந்திருக்கிறது, இரவில் சொறிவது குறைவு. ஆனால் சிவந்து கிளம்பும் நாட்களில் டொக்டரின் களிம்புதான் கேட்கிறது, எண்ணெய் போதாது. கரப்பனை எண்ணெய் அடியோடு மாற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வைத்தியரும் அப்படிச் சொல்லவில்லை.

போத்தலில் காய்ச்சிய திகதியை எழுதித் தந்திருந்தார். மணம் மாறினால் ஊற்றிவிட வேண்டும். தையில் மாமி வரும்போது புதுசு ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.