கிட் டேப் கம்ப்ளீஷன் மக்கர் செய்கிறதா? ஷெல் தருவதும் கிட் தருவதும்

கட்டளையைப் பாதி அடித்து டேப் தட்டினால் மீதியை நிரப்பித் தருவதுதான் கம்ப்ளீஷன். நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட்டுக்கு, டெர்மினலில் கிட் செக்அவுட் என்று அடித்து டேப் தட்டினால், சிலருக்கு பிராஞ்ச் (கிளை) பெயர்களுக்குப் பதிலாகக் கோப்புப் பெயர்கள் வந்து நிற்கும். வேறு சிலருக்குப் பட்டியல் சரியாகவே வரும். ஆனால் வருவதற்குள் பொறுமை போய்விடும். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. கிடைத்த வரிகளையெல்லாம் கான்ஃபிக் கோப்பில் ஒட்டுவதற்கு முன், உங்கள் ஷெல் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) எந்தக் கம்ப்ளீஷனை எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். முக்கால்வாசிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

குறிப்பாக இசட் ஷெல்லில். 2019 முதல் மேக்கில் இதுதான் இயல்பு ஷெல். இங்கே கிட்டுக்கு இரண்டு கம்ப்ளீஷன்கள் உண்டு, நிறுவியபின் இரண்டுக்கும் ஒரே கோப்புப் பெயர்: முன்னால் ஒரு அடிக்கோடு, அப்புறம் கிட். ஒன்று ஷெல்லோடு வருவது. மற்றது கிட்டின் மூலநிரலில் கான்ட்ரிப் கோப்புறையில் இருப்பது. மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ வழியாக கிட் நிறுவினால் இதுவும் கூடவே வந்துவிடும். இந்தக் கோப்புகளை ஷெல் தேடும் கோப்புறைகளின் பட்டியல்தான் எஃப்பாத்; அதில் எந்தக் கோப்புறை முதலில் இருக்கிறதோ, அதிலுள்ள கோப்புதான் செல்லும். எது எதுவென்று கோப்பைத் திறந்தாலே தெரியும். ஷெல்லுடையது ஆயிரக்கணக்கான வரிகள். கிட்டுடையது சில நூறு வரிகள்தான், ஏனென்றால் அது பாஷ் என்ற இன்னொரு ஷெல்லுக்காக எழுதிய ஸ்கிரிப்டைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறது. அந்த பாஷ் ஸ்கிரிப்டை வைக்காமல் இதை மட்டும் நகலெடுத்தால் ஒன்றும் நடக்காது.

ஷெல்லுடையதில் எனக்குப் பிடித்தது விளக்கங்கள். கிட் கமிட் என்று அடித்து இரட்டைக் கோடு போட்டு டேப் தட்டினால், ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பக்கத்திலேயே அது என்ன செய்யும் என்று ஒரு வரி வரும். கிட் கற்றுக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய உதவி, உதவிப் பக்கத்தைப் புரட்ட வேண்டியதே இல்லை. செக்அவுட்டில் பிராஞ்ச், டேக், அண்மைக் கமிட்கள் என்று எல்லாவற்றையும் திரட்டித் தரும். ஆனால் அந்தத் தாராளமே பெரிய ரெபோவில் (கிட் பதிவு செய்துவரும் திட்டக் கோப்புறையில்) தலைவலி: ஆயிரக்கணக்கான பிராஞ்ச்களையும் கோப்புகளையும் அலசி அடுக்கி முடிக்கும்வரை கர்சர் உறைந்து நிற்கும்.

கிட்டுடையது காட்டுவது குறைவு, ஆனால் வேகமானது. இன்னொரு பலமும் உண்டு. 2018 முதல் பெரும்பாலான கட்டளைகளின் ஆப்ஷன் பட்டியலை இது கிட்டிடமே கேட்டு வாங்குகிறது. கிட்டைப் புதுப்பித்தால் புதிய ஆப்ஷன்களும் தானாக வந்துவிடும். ஷெல்லுடையதில் அந்தப் பட்டியல் கையால் எழுதியது, யாராவது சேர்க்கும்வரை பின்தங்கியே இருக்கும்.

ஆகவே ரெபோ சிறியது என்றால் ஷெல்லுடையதையே வைத்துக்கொள்ளுங்கள், அந்த விளக்கங்களை இழப்பது நஷ்டம். நாள் முழுக்கப் பெரிய ரெபோவில் வேலை என்றால் தயங்காமல் கிட்டுடையதற்கு மாறுங்கள். தாமதமான கம்ப்ளீஷனை விரல்கள் சீக்கிரமே கைவிட்டுவிடும்.

மாற்றும்போது இரண்டு விஷயம். எஃப்பாத்தில் கோப்புறையைச் சேர்க்கும் வரி, கம்ப்ளீஷனைத் தொடங்கிவைக்கும் காம்ப்இனிட் வரிக்கு மேலே இருக்க வேண்டும். கோப்புகளின் எண்ணிக்கை மாறவில்லை என்றால் காம்ப்இனிட் பழைய பதிவையே நம்பிவிடும் என்பதால், வீட்டுக் கோப்புறையில் மறைந்திருக்கும் இசட்காம்ப்டம்ப் கோப்பை அழித்துவிட்டுப் புது டெர்மினலைத் திறக்க வேண்டும்.

பாஷில் இந்தப் போட்டியே இல்லை, கிட்டின் ஸ்கிரிப்ட் ஒன்றுதான். அங்கே வரும் புகார் வேறு: கிட்டுக்கு ஜி என்று அலையஸ் (சுருக்கப் பெயர்) வைத்தால் டேப் வேலை செய்யாது. கிட்கம்ப்ளீட் என்ற உதவி ஃபங்ஷனை, முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டு, அந்த அலையஸுக்காக அழைக்க வேண்டும். ஆனால் பாஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பு கிட்டின் ஸ்கிரிப்டை முதல் டேப்பின்போதுதான் ஏற்றுகிறது. அதற்கு முன் அழைத்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பிழை வரும். அந்த ஸ்கிரிப்டை முதலில் சோர்ஸ் செய்துவிட்டால், அதாவது நீங்களே ஷெல்லில் ஏற்றிவிட்டால் சரி.

இசட் ஷெல் அலையஸைத் தானே விரித்துப் பார்த்துக்கொள்ளும். பெயரைப் பார்த்து ஏமாந்து கம்ப்ளீட்-அலையஸஸ் என்ற ஆப்ஷனைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்; அந்த விரிவாக்கத்தைத் தடுப்பதே அதுதான்.