வெப் டிசைன் கோர்ஸில் 18,500 ரூபாய் போச்சு, சேரப் போகிறவர்கள் படித்துவிடுங்கள்

சேரும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் வெப் டிசைன் சொல்லித் தரும் ஒரு பயிற்சி மையம். என்னிடம் 18,500 ரூபாய் வாங்கிவிட்டு இன்று காலை மொத்தமாகக் கையை விரித்துவிட்டார்கள்.

இலவச டெமோ வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். அன்று வந்த ஆசிரியர் அருமையாகச் சொல்லித் தந்தார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பக்கங்களைத் திரையில் போட்டார். ஒன்று முழுக்க டிவ், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத பொதுவான பெட்டி. இன்னொன்றில் ஹெடர், நாவ், மெயின், ஃபுட்டர் என்று அந்தந்தப் பகுதிக்கு அதற்குரிய டேக் (பக்கத்தின் பகுதி எது என்று பிரவுசருக்குச் சொல்லும் குறியீடு). அப்புறம் பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டார். இரண்டாவது பக்கத்தில் மெனு எது, முக்கியப் பகுதி எது என்று அது சொல்லிக்கொண்டே போனது, நேராக அங்கே தாவவும் முடிந்தது. முதல் பக்கத்தில் வெறும் எழுத்தை வரிசையாக வாசித்தது, அவ்வளவுதான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. இவரிடம்தான் கற்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். சமையல் குறிப்புப் பக்கம், ஓட்டல் மெனு, விண்ணப்பப் படிவம் என்று சின்னச் சின்ன ப்ராஜெக்ட்கள், ஒவ்வொன்றையும் அவரே திருத்தித் தருவார் என்றார்கள். உட்கார்ந்த இடத்திலேயே 18,500 ரூபாயை அனுப்பினேன்.

அந்த ஆசிரியரை அதன்பிறகு கண்ணால் பார்க்கவில்லை. வந்ததெல்லாம் பழைய வீடியோ லிங்குகள். பக்கத்தைப் பிரிக்க டேபிள், நடுவில் வைக்க சென்டர் டேக், எழுத்துக்கு ஃபான்ட் டேக். எல்லாம் கைவிடப்பட்ட பழைய முறை. வெப் பக்கம் எழுதும் மொழியின் புதிய வடிவமான எச்டிஎம்எல்5 தரநிலையாக வந்தது 2014-ல். பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க உதவும் சிஎஸ்எஸ் கிரிட் 2017-லேயே முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வந்துவிட்டது. இவர்கள் பகுதிகளை வரிசையாக அடுக்க உதவும் ஃபிளெக்ஸ்பாக்ஸைக்கூடத் தொடவில்லை. ப்ராஜெக்ட் என்று கொடுத்தது ஒரு ஜிப் ஃபைல். பெயரையும் நிறத்தையும் மாற்றி அனுப்பினால் போதுமாம். அதை, வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இலவச வேலிடேட்டரில் (பிழை பார்க்கும் கருவி) போட்டுப் பார்த்தேன். சென்டர், ஃபான்ட் இருக்கும் இடமெல்லாம் வழக்கொழிந்தவை என்று பிழை காட்டுகிறது.

விண்ணப்பப் படிவத்தில் சமர்ப்பிக்கும் பட்டனையே டிவ்-ஆல் செய்திருந்தார்கள். டேப் கீயை அழுத்தினால் அங்கே போகவே இல்லை, என்டர் தட்டினாலும் அசையவில்லை. பட்டன் டேக் போட்டிருந்தால் இரண்டும் தானாக நடந்திருக்கும். ஏன் இப்படி என்று கேட்டதற்கு வந்த பதில்: "மேடம், அவுட்புட் வருதுங்கல்ல? அப்புறம் என்ன?" மவுஸ் பிடிக்க முடியாதவர் அந்தப் படிவத்தை எப்படி அனுப்புவார்? டெமோவில் இதைக் காட்டித்தானே என்னிடம் காசு வாங்கினார்கள்!

பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து அலைக்கழிப்பு. மேனேஜர் ஊரில் இல்லை என்றார்கள். பிறகு அக்கவுண்ட்ஸில் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன், குழுவிலிருந்தே தூக்கிவிட்டார்கள். இன்று நேரில் போனால், "வேணும்னா சர்டிஃபிகேட்டை இப்பவே குடுத்துடறோம்" என்கிறார் வரவேற்பில் இருந்த பெண். படிப்பே நடக்காத படிப்புக்குச் சான்றிதழ்! 18,500 ரூபாய், வீட்டில் மாதாமாதம் ஒதுக்கிச் சேர்த்த பணம்.

சரி, சொன்னபடி எச்சரிக்கை. டெமோ எடுப்பவரேதான் பாடமும் எடுப்பாரா என்று எழுத்தில் வாங்குங்கள். முன்பு படித்தவர்கள் செய்த ப்ராஜெக்டின் கோட் (எழுதிய குறியீடு) எப்படி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். எங்கே பார்த்தாலும் டிவ் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டவே கட்டாதீர்கள். இந்தப் பாடமெல்லாம் எம்டிஎன், ஃப்ரீகோட்கேம்ப் என்ற இணையதளங்களில் இலவசமாகவே இருக்கிறது, பயிற்சிக்கு ப்ராஜெக்ட்களோடு.

இதற்கு மேல் பொறுமையாக எழுத முடியவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி டெமோ பார்த்துப் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் செய்யுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.