தலைமாட்டுப் பித்தளை விளக்கு: காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் கிடைக்கும் பழைய பித்தளைச் சுவர் விளக்குகள் நல்ல கனம். புதுத் தகட்டு விளக்கு மாதிரி நெளியாது. ஆனால் காசு கொடுப்பது வெளிப் பித்தளைக் கூட்டுக்கு மட்டும்தான். உள்ளே இருக்கும் ஹோல்டரையும் வயரையும் கழற்றிப் போட்டுவிடுங்கள். துணி சுற்றிய பழைய ரப்பர் வயரை விரலால் வளைத்தாலே உறை பொடியாக உதிரும். உள்ளிருக்கும் செம்பு பித்தளையைத் தொட்டால் விளக்கு முழுக்க ஷாக்.

கடையிலேயே 0.75 சதுர மி.மீ. வயர் மூன்று துண்டுகளைச் சேர்த்து விளக்கின் வளைகுழாயில் நுழைத்துப் பாருங்கள். இரண்டுதான் போகிறது என்றால் எர்த்துக்கு வழியில்லை. அந்த விளக்கு வேண்டாம். குழாயின் வாய் கத்தி போல இருக்கும், அரத்தால் ராவி, வயர் அறுபடாமல் இருக்க ஸ்லீவ் (காப்பு உறை) போட வேண்டும். எர்த் திருகு பழைய விளக்கில் அநேகமாக இருக்காது. அடித்தட்டில் துளையிட்டு, மெருகைச் சுரண்டி, வெறும் பித்தளையில் லக் (எர்த் வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முடுக்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மெயினில் அவசியம்.

செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புப் பூச்சை வயருக்காக வெட்டவே கூடாது. அந்த மெருகை இன்றைய சிமென்ட் ஒட்டு திரும்பத் தராது, தழும்பு நிற்கும். கதவு நிலையை ஒட்டி கேசிங் (வயரை மறைக்கும் மூடிபோட்ட பட்டை) ஓட்டுவதே மரியாதை. துளை போடும்போது டிரில் மெஷினின் ஹேமர் மோடை நிறுத்திவிட்டு மெதுவாகப் போடுங்கள். திருகு பிடிக்கும் பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கலில் இறங்க வேண்டும். பூச்சில் மட்டும் நின்றால் விளக்கின் கனத்துக்குப் பிடுங்கிக்கொண்டு வரும்.

உயரம், மெத்தைக்கு மேல் சுமார் 2 அடி. சாய்ந்து உட்கார்ந்தால் பல்பு கண்ணில் குத்தக்கூடாது. 5 வாட், 2700 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்) எல்.இ.டி. படிக்கப் போதும்.

ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்க 6 ஆம்பியர் டூ-வே சுவிட்ச் இரண்டு: ஒன்று வாசலில், ஒன்று படுத்தபடி கை எட்டும் இடத்தில். பேஸ் (கரண்ட் வரும் வயர்) முதல் சுவிட்சின் காமன் (பொது) முனைக்கு. மற்ற இரு முனைகளை அடுத்த சுவிட்சின் இரு முனைகளோடு இரண்டு வயரால் இணைக்க வேண்டும். அதன் காமனிலிருந்து விளக்குக்கு. நியூட்ரல் நேராக ஹோல்டருக்கு. காமனை மாற்றிக் கொடுத்தால், ஒரு சுவிட்ச் குறிப்பிட்ட பக்கம் இருந்தால்தான் மற்றது வேலை செய்யும். நியூட்ரலை சுவிட்சில் கொடுத்தால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், பல்பு மாற்றும்போது அடிக்கும்.

அதே கடைகளில் பீங்கான் சுவிட்சுகளும் அழகழகாக இருக்கும். உள்ளே பித்தளை நாக்கு தளர்ந்து பொறி பறக்கும், அலமாரியில் அழகுக்கு வைக்க மட்டும் வாங்குங்கள்.