டிசம்பரில் மட்டக்களப்புக்கு ஸ்கூபா பயணம்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஸ்கூபா முறையில், அதாவது முதுகில் காற்றுக்குடுவையுடன் முங்கி, நீருக்கடியில் காண வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த ஆசையை நம்பித்தான் கடந்த டிசம்பரில் சென்னைப் பயண முகவர் ஒருவரிடம் நானும் என் மைத்துனரும் ஆளுக்கு 78,000 ரூபாய் கட்டினோம். நான்கு இரவுகள், ஆறு முறை கடலில் இறங்குதல், அவற்றுள் ஒன்று ஹெர்மீஸ் என்று பயணத் திட்டத்தில் எழுதியிருந்தது. இலங்கைக் கடல் ஆண்டு முழுவதும் முங்குவதற்கு ஏற்றது என்று முகவர் வாயாலேயே உறுதி கூறினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வானம் இருண்டு, கரையோரம் முழுவதும் மண் கலந்த பழுப்பு நீராக இருந்தது. திட்டத்தில் குறிப்பிட்டிருந்த முங்கு நிலையம் பூட்டிக் கிடந்தது. அது ஏப்ரலில்தான் மீண்டும் திறக்குமாம். மூன்றாம் நாள் காற்று சற்றுத் தணிந்ததும் வேறொருவர் எங்களைப் படகில் அழைத்துச் சென்றார். எட்டு மீட்டர் ஆழத்தில் கால் மணி நேரம் இருந்தோம்; மைத்துனர் காலில் மாட்டியிருந்த மஞ்சள் ஃபின் என்ற நீச்சல் துடுப்பைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. "மாரிக்குள்ள இஞ்ச யாரும் கடலுக்குள்ள இறங்குறதில்ல மகன்" என்று படகோட்டி சொன்னது முகவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

ஏனெனில் இலங்கையின் இரு கரைகளுக்கும் பருவம் நேர்மாறானது. வடகிழக்குப் பருவமழையின்போது கிழக்குக் கரை கொந்தளித்துக் கலங்கிவிடும். திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய இடங்களுக்கு ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரையே உகந்த காலம். அதே டிசம்பரில் மேற்கே ஹிக்கடுவையிலோ நீர்கொழும்பிலோ கடல் அமைதியாக இருக்கும். உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்கள் அங்கேயே போயிருப்போம், அவருக்கும் அதே வருமானம் கிடைத்திருக்கும்.

இதைவிடப் பெரிய பொய் ஹெர்மீஸைப் பற்றியது. அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. எங்கள் இருவரிடமும் இருப்பது 18 மீட்டர் வரை மட்டுமே அனுமதிக்கும் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ். பொழுதுபோக்கு முங்கலின் உச்ச வரம்பே 40 மீட்டர்தான் என்பதால், தனித் தொழில்நுட்பப் பயிற்சி பெறாத எவரும் எந்த மாதத்திலும் அங்கே இறங்க முடியாது. முகவர் எங்கள் சான்றிதழைக் கடைசிவரை கேட்கவே இல்லை. சான்றிதழையும் முங்கல் பதிவேட்டையும் உடல்நல உறுதிமொழியையும் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்பவரிடமிருந்து நாங்கள் அப்போதே விலகியிருக்க வேண்டும்.

இன்னோர் அடையாளமும் எங்கள் கண்முன்னே இருந்தது, அதை நான் கவனிக்காதது என் பிழை. கடைசி நாள் காலை ஏழு மணிக்குக் கடலில் இறங்கி அன்றிரவு பத்து மணிக்கு விமானம் ஏறுவதாகத் திட்டம் இருந்தது. தொடர்ந்து சில நாள்கள் முங்கியவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பயிற்சியிலேயே சொல்லித்தரப்படுவது. இல்லாவிட்டால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தத் திட்டத்தை எழுதியவருக்கு ஸ்கூபாவைப் பற்றி எதுவுமே தெரியாது என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

திரும்பியதும் பணத்தைக் கேட்டபோது, வானிலையால் ரத்தாகும் முங்கல்களுக்குப் பணம் திருப்பித்தரப்படாது என்ற பொடி எழுத்து நிபந்தனையைக் காட்டினார்கள். பூட்டிக் கிடந்த நிலையத்துக்கும் வானிலைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. வாட்ஸ்அப் உரையாடல்களையும் ரசீதையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் அளித்துள்ளோம். ஹெர்மீஸ் படம் போட்ட இதே திட்டத்துக்கு முன்பணம் கட்டியவர்கள், மீதித் தொகையைக் கொடுக்குமுன் அந்த மாதத்தில் முங்கு நிலையம் திறந்திருக்குமா என்பதை நிலையத்துக்கே நேரடியாக எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.