சட்டைப்பைக்கு எக்ஸ்ஏ, கைக்கு கே1000

1979இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ ஃபிலிம் கேமரா வெறும் 225 கிராம். மூடியை நகர்த்தினால் தயார், மூடினால் சட்டைப்பையில் அடங்கிவிடும். 1976இன் பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா லென்ஸோடு முக்கால் கிலோவைத் தாண்டும். ஆனித் தேரோட்ட நெரிசலில் எது சௌகரியம் என்று சொல்லவே வேண்டாம். ஆனாலும் நான் வாங்கியதும், கேட்பவர்களுக்குச் சொல்வதும் கே1000தான்.

எக்ஸ்ஏயில் ஃபோகஸ் செய்ய, கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலின் நடுக்கட்டத்தில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாக்க வேண்டும். வருஷக்கணக்கில் மங்கிப்போன கட்டம், கோயில் பிராகார இருட்டில் கண்ணுக்கே பிடிபடாது. லென்ஸுக்கு அடியில் உள்ள ஃபோகஸ் நெம்புகோலும் நகத்தளவுதான். கே1000இல் வளையத்தைத் திருப்பிக் கலங்கல் தெளிந்தால் ஃபோகஸ், ஜன்னலுக்குள் தெரியும் மீட்டர் முள் நடுவில் நின்றால் வெளிச்சம் சரி.

என் முடிவுக்குக் காரணம் பராமரிப்பு. இரண்டுக்கும் வாட்ச் கடையில் கிடைக்கும் எல்ஆர்44 பட்டன் பேட்டரிதான். எக்ஸ்ஏக்கு இரண்டு, தீர்ந்தால் ஷட்டரே விழாது. கே1000க்கு ஒன்று, அதுவும் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும். பேட்டரி செத்தாலும், உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 200 ஃபிலிமுக்கு லென்ஸ் துளை எஃப்16, ஷட்டர் 1/250 நொடி வைத்து எடுத்துக்கொண்டே போகலாம். எக்ஸ்ஏயின் சர்க்யூட் போனால் புது உதிரி கிடையாது. இன்னொரு பழைய எக்ஸ்ஏயைப் பிரித்துத்தான் எடுக்கணும்.

அடுத்தது பூஞ்சை. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் தோல் உறையோடு பீரோவில் வைத்த கேமராவில் அது வரும். கே1000இன் லென்ஸைக் கழற்றித் தனியே சுத்தம் செய்யலாம், முடியாவிட்டால் இதற்குப் பொருந்தும் வேறு கே-மவுண்ட் லென்ஸ் மாட்டலாம். எக்ஸ்ஏயில் லென்ஸ் உடம்போடு சேர்ந்தது.

பழைய கே1000 வாங்கும்போது ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, எஃப்2, 1/1000 வைத்து வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தட்டுங்கள். சட்டத்தின் ஒரு ஓரம் இருண்டிருந்தால், எண்ணெய் காய்ந்து ஷட்டரின் இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப்பிடிக்கிறது. சர்வீஸ் செய்தால் பெரும்பாலும் சரியாகும். விலையில் அதைக் குறைத்துப் பேசுங்கள். எக்ஸ்ஏ என்றால் சிவப்புப் பொத்தான் மெல்லத் தொட்டாலே தட்ட வேண்டும். அழுத்தி அழுத்தித்தான் தட்டுகிறது என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டிலும் கதவோர ஸ்பாஞ்ச் நம் வெயிலுக்குத் தார்போல உருகியிருக்கும். விட்டால் ஃபிலிம் ஓரத்தில் செம்மஞ்சள் கோடு விழும். பல்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டுங்கள், ஷட்டர் திரையில் ஒரு சொட்டும் படக்கூடாது. காய்ந்ததும் பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினால் போதும்.

பொதிகை மலை ஏறுபவருக்கு மட்டும் என் கணக்கு மாறலாம். அங்கே ஒவ்வொரு கிராமும் தோளில் தெரியும். அவர் எக்ஸ்ஏயை எடுத்துக்கொண்டு, கூடவே இரண்டு எல்ஆர்44ஐ ஈரம் புகாத பையில் வைத்துக்கொள்ளட்டும்.